பதினாறு பேர் கண்ட தீ

எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. கல்யாண வீட்டில் யாராவது நலம் விசாரித்தாலே முகம் சிவந்துவிடும். அப்படிப்பட்ட நான் மதுரையில் ஒரு காலேஜ் வகுப்பின் முன் நின்று ஒன்றரை மணி நேரம் பேசினேன் என்றால், ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். பேசியது உண்மை. அதற்கு முன் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் தலைகுனிந்து நின்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கையெழுத்து நன்றாக இருந்ததால் மனு எழுதும் தொழிலுக்கு வந்தேன். தினமும் விடியும்போது ராஜபாளையத்தில் பஞ்சு வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். தாலுகா கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, சாய்வுப் பலகையும் மைக்கூடும் எடுத்து வைப்பேன். வருகிறவர் பேசுவார், நான் எழுதுவேன். நான் அதிகம் பேசவேண்டாத வேலை என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மனுவைக் கச்சேரிக் குமாஸ்தா திருப்பி வீசினார். "இவன் பாத்தானா, இல்ல எவனோ சொன்னானா? பாத்தவன் மனுதான் மேல போகும்" என்றார். அன்றிலிருந்து எல்லா மனுவிலும் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன்: "மேற்படி சங்கதியை அடியேன் என் இரு கண்ணாலும் கண்டேன்." தேங்காய் திருட்டானாலும் சுவர் இடிந்தாலும் அந்த வரி உண்டு. அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கடிதத்தின் தலையில் க்ஷேமம் என்று போடுகிறோமே, அதுபோல மனுவுக்கு அது ஓர் உறுப்பு. அந்த வரி இருந்த மனு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஜனங்களும் என்னைத் தேடி வந்தார்கள்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் செண்பகத்தோப்புக்கு மேலே மலைச்சரிவில் தீப்பிடித்தது. காற்றில் பொறி பறந்து வந்து அடிவாரத்து விவசாயிகளின் வைக்கோல் படப்புகள் எரிந்தன. தீர்வையில் தள்ளுபடி கேட்டு ஒரே நாளில் பதினாறு பேர் என்னிடம் வந்தார்கள். பதினாறு மனுவையும் பொழுது சாய்வதற்குள் எழுதி முடித்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சித்திரையில் இரண்டு காலேஜ் மாணவர்கள் என் பாயருகே வந்து நின்றார்கள். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவரின் மகன், நல்ல உயரம், வேகமான பேச்சு. மற்றவர் எங்கள் ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எதற்கும் முதலில் சிரிப்பவர். இருவரும் மதுரையில் எப்.ஏ. வகுப்பில் படித்தார்கள். கோடை விடுமுறைக்குள் சொந்த ஊரைப் பற்றி ஆதாரத்தோடு ஒரு கட்டுரை எழுதி வரவேண்டும் என்று அவர்களுடைய புரொபசர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல கட்டுரைக்குப் பிரைஸும் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் காட்டுத்தீயை.

"ராவுத்தரே, கச்சேரில நகல் வாங்கியிருக்கோம். சில எழுத்து பிடிபடல. செத்த நேரம் வாசிச்சுக் குடுங்க" என்றார் வக்கீல் மகன்.

"எவிடன்ஸ் பெருசு. பதினாறு பேரு நேர்ல பாத்திருக்காக" என்றார் ராஜபாளையத்துக்காரர்.

நகல்கள் குமாஸ்தாவின் கையெழுத்தில் இருந்தன. யார் எழுதிய மனு என்று அதில் இல்லை. முதல் தாளை வாங்கினேன். "என் இரு கண்ணாலும் கண்டேன்." இரண்டாவது தாளிலும் அதே வரி. மீதியையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'மாடு மேய்ப்பவர்கள் தீ வைத்ததை' என்று பதினாறிலும் இருந்தது. நான் எழுதியதுதான். எழுதும்போது ஒன்றும் தோன்றாத வரி, அவர்கள் கையில் பார்த்தபோது வேறு ஏதோ ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மலையடிவாரத்து மாட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஊர் மாடுகளைக் காட்டு இலாகாவின் அனுமதிச் சீட்டோடு மலைச்சரிவுக்கு ஓட்டிப் போகிறவர். ஐம்பது வயது இருக்கும்.

"ஒரு அர்ஜி எழுதணும் ராவுத்தரே. வைகாசியில காட்டு இலாகா தொர வந்து விசாரிக்காராம். தீப்பிடிச்சதுலருந்தே மாட்டுப் பாதைய அடைச்சு வச்சிருக்காக. நாங்கதான் வச்சோம்னு ருசுவாச்சுன்னா தெறக்கவே மாட்டாகளாம். எங்க இருபது வீட்டுக்கும் அந்தப் பாதய விட்டா வேற பொழப்பு இல்ல."

"நீங்கதான வச்சீக? புதுப் புல்லு மொளைக்கணும்னு வப்பாகளாமே" என்றார் வக்கீல் மகன்.

மாட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மழை விழுந்தாத்தான தம்பி புல்லு. அதுவரைக்கும் மாடு என்னத்தத் திங்கும், உங்க காயிதத்தயா?"

ராஜபாளையத்துக்காரர் சிரித்துவிட்டார்.

"நாங்க வைக்கலன்னு எழுதுங்க. ஆனா எடுபடுமான்னு தெரியல. பதினாறு பேரு பாத்திருக்காகளாம்ல. வைக்கலங்கறத நாங்க எப்படிக் காட்டுறது?" என்று மாட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த மனுவில் மட்டும் என் வழக்கமான வரியைச் சேர்க்க முடியவில்லை. மாணவர்களிடம் மறுநாள் வரச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே பாயைச் சுருட்டினேன்.

வீட்டில் நான் பேசாமல் இருப்பது புதிதல்ல. ஆனால் அன்று சோற்றையும் தொடவில்லை. என் மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க வாயில இருந்து ரெண்டு சொல்லு வாங்கணும்னா நானும் ஒரு அர்ஜிதான் போடணும் போல" என்றாள். சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்தப் பதினாறு பேருல ஒருத்தராவது நெசமாப் பாத்திருந்தா உங்களுக்குக் கவலையில்ல. போய்க் கேளுங்க" என்றாள்.

எனக்கும் அந்த ஓர் ஆசைதான் இருந்தது. யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மறுநாள் மாணவர்களிடம் சொன்னேன். "தம்பிகளா, பாத்தீகளான்னு கேக்காதீக. எந்த எடத்துல நின்னு பாத்தீகன்னு கேளுங்க. அது ஒண்ணு போதும்."

"அதுக்கு எதுக்கு அடிவாரம் வரைக்கும் நடக்கணும்? எழுத்துல இருக்கே" என்றார் வக்கீல் மகன்.

"நடந்து பாக்கலாம். நானும் வாரேன்" என்றேன். நான் அவ்வளவு பேசியதே அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் புறப்பட்டார்கள்.

அடிவாரத்தில் அந்தப் பதினாறு பேரில் முதலில் அகப்பட்டவர் கிணற்று மேட்டில் நீர் இறைக்கும் கமலைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். வக்கீல் மகன் தாளை விரித்தார்.

"தீ வச்சத எந்த எடத்துல நின்னு பாத்தீக?"

"எந்த எடத்துலன்னா? படுத்துல்ல கெடந்தேன். பொக அடிச்ச பொறவுதான் எந்திரிச்சேன்."

"ரெண்டு கண்ணாலயும் பாத்ததா எழுதியிருக்கே."

அவர் தலையைத் திருப்பினார். இடது கண் வெளுத்துக் கிடந்தது. "அம்மை வாத்தப்பவே இந்தக் கண்ணு போயிருச்சு தம்பி. ராவுத்தருக்குத் தெரியுமே. அவுக பெரிய மனசு பண்ணி ரெண்டா எழுதிட்டாக போல."

ராஜபாளையத்துக்காரர் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இத எழுதினது நீங்களா?"

"நான்தான்."

"இது ஒண்ணா?"

"பதினாறும்."

வக்கீல் மகனுக்குக் கோபம் வந்தது. இருபது நாள் உழைப்பு, பதினாறு சாட்சி, எல்லாம் ஒரே பேனா. "நேத்தே சொல்லியிருக்கலாமே ராவுத்தரே" என்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

மற்றவர்தான் அசையவில்லை. "ஏலே, நில்லு. இன்னும் பதினஞ்சு பேரு இருக்காகல்ல. ராவுத்தரே, அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு வெற்றுத்தாளை வாங்கி இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தியாக்கினேன். கண்டது, கேட்டது, யாரிடம் கேட்டது. மனுவில் உள்ள எதையும் தாளில் ஏற்ற வேண்டாம், அந்த மனிதர் வாயால் சொல்வதை மட்டும் எழுதுங்கள் என்றேன். போன வக்கீல் மகன் திரும்பி வந்து தாளை வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் நடந்தோம். வெயிலில் களத்துமேடு, கிணற்றடி, மாட்டுத்தொழுவம் என்று தேடிப் போய்க் கேட்டோம். முதல் பத்தியில் தீ வைத்தவரைப் பற்றி ஒரு வரியும் ஏறவில்லை. புகையைப் பார்த்தவர்கள் உண்டு, தீயைப் பார்த்தவர்கள் உண்டு, வைத்தவரைப் பார்த்தவர் இல்லை. மூன்றாம் பத்திதான் நிறைந்துகொண்டே போனது. இவர் அவரிடம் கேட்டது, அவர் இன்னொருவரிடம் கேட்டது. எங்கே கேட்டது என்றால் எல்லோரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள்: கச்சேரி வாசல் வேப்பமரத்தடி. மனு எழுத வரிசையில் காத்திருந்தபோது முன்னால் நின்றவர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள்.

வக்கீல் மகனுக்கு இப்போது வேட்டைக்காரரின் முகம் வந்திருந்தது. "முன்னால நின்னவுக, அதுக்கு முன்னால நின்னவுக, இப்படியே போனா வரிசையில மொத ஆளு யாரு?" என்றார்.

முதலில் நின்றது ஒரு பெண். கணவன் இல்லாதவர், தனியாகவே நான்கு ஏக்கர் பயிரிடுகிறவர். தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமலே பதில் சொன்னார்.

"நான் எங்க பாத்தேன்? படப்பு எரிஞ்சுபோச்சுன்னு எழுதச் சொன்னேன். யாரு வச்சான்னு ராவுத்தர்தான் கேட்டாரு. தெரியலன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மறந்திட்டீகளா? ஆளு இன்னாருன்னு இல்லாம அர்ஜி நிக்காதும்மா, அங்கிட்டு மாடு பத்துறவுக போவாகளேன்னு நீங்கதான எடுத்துக் குடுத்தீக. இருக்கும்னு தலைய ஆட்டுனேன். பொறவு சத்தமா வாசிச்சுக் காட்டுனீக. பின்னால நின்ன அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டுத்தான நின்னாக."

மனுவை எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுவது எங்கள் தொழில் முறை. படிக்கத் தெரியாதவரை ஏமாற்றவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்த நல்ல வழக்கத்தினால்தான் என் ஊகம் ஒரே நாளில் பதினைந்து பேரின் காதுக்குப் போயிருக்கிறது.

வக்கீல் மகன் மூன்றாம் பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"எழுதுங்க தம்பி. 'மனு எழுதினவர்'னு எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார். திரும்பும் வழியில் அவர்தான், "அப்போ தீய யாருதான் வச்சா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதிக் கொண்டுபோனா புரொபசர் சிரிப்பாரு."

"தெரியும்னு எழுதி நான் என்ன செஞ்சிருக்கேன்னு பாத்தீகல்ல. தெரியாதுங்கறதுக்கு மூணு நாள் நடந்திருக்கோம். அது லேசுப்பட்டதில்ல."

"நமக்குப் பிரைஸ் போச்சு" என்று ராஜபாளையத்துக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனால் அன்று சாயங்காலமே இருவரும் கட்டுரையைக் கிழித்துப்போட்டு முதல் வரியிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள்.

விசாரணை வைகாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் நடந்தது. துரை மேஜையருகே, தாசில்தார் பக்கத்தில், மொழிபெயர்க்க ஒருவர். வாசலில் மாட்டுக்காரர்கள் இருபது பேரும் குத்தவைத்திருந்தார்கள். அத்தனை பேர் முன் எனக்குப் பேச்சு வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுதினதை வாசிக்க நான் கூசியதில்லை, அது என் தொழில். ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு மனு எழுதி எடுத்துப் போயிருந்தேன். முறை வந்ததும் எழுந்து நின்று வாசித்தேன். நான் கண்டது இன்னது: பதினாறு மனுவும் என் கையால் எழுதியவை. நான் கேட்டது இன்னது: பதினாறு பேரில் ஒருவரும் தீ வைத்தவரைப் பார்க்கவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். எனக்குத் தெரியாதது இன்னது: தீ வைத்தவர் யார் என்பது.

மொழிபெயர்த்து முடித்ததும் துரை ஏதோ கேட்டார். "பொய் எழுதினியான்னு கேக்காரு" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"எழுதினேன் தொர. அது பொய்னு விளங்காம எழுதினேன். இப்ப விளங்கிருச்சு."

தாசில்தார் முகம் கடுத்தது. "இனிமே உன் கையெழுத்த இந்தக் கச்சேரில யாரு வாங்குவா?" என்றார். துரை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மூன்று பத்தித் தாளை மாணவர்களிடமிருந்து வாங்கி, விரலை வைத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் போனார். மனுதாரர்கள் சிலரை அழைத்துக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். உத்தரவு பின்னால் வரும் என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்தபோது மாட்டுக்காரர் என்னை முறைத்தார். "நீங்களே மாட்டிவிட்டு நீங்களே எடுத்துவிடுதீகளா?" என்றார். அவருக்கு அதற்கு உரிமை உண்டு. உத்தரவு வரும்வரை பாதை அடைபட்டே இருந்தது, மாடுகள் தொழுவத்தில் கட்டிக் கிடந்தன.

என் பாய்க்கும் ஆள் வரவில்லை. "பாத்ததுன்னு எழுதச் சொன்னா கேட்டதுன்னு எழுதுதாரு" என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். ஆனாலும் நான் அந்த முறையை மாற்றவில்லை. வந்த இரண்டொருவருக்கும் கண்டது, கேட்டது என்று பிரித்தே எழுதினேன். அடியில் எழுதியவன் பெயரையும் போட்டேன்.

ஆனியில் காலேஜ் திறந்த பத்தாம் நாள் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையைப் படித்த புரொபசர் என்னை வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார். முடியாது என்று பதில் எழுதி உறையில் போட்டேன். என் மனைவி உறையை வாங்கி அடுப்பில் போட்டாள்.

சாத்தூர் வரை வண்டி, அங்கிருந்து ரயில். வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களைக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பார்த்ததும் பேசும் எண்ணத்தையே விட்டேன். பேசாமல் பதினாறு நகலையும் பதினாறு பேர் கையில் கொடுத்து, ஒவ்வொருவராக எழுந்து ஒரே ஒரு வரியை வாசிக்கச் சொன்னேன். "என் இரு கண்ணாலும் கண்டேன்." அடுத்தவர் எழுந்தார். "என் இரு கண்ணாலும் கண்டேன்." நாலாம் ஆள் வாசிக்கும்போது சிரிப்பு கிளம்பியது. பத்தாம் ஆளுக்கு வகுப்பே சேர்ந்து வாசித்தது. பதினாறாம் ஆள் உட்கார்ந்ததும் நான் கேட்டேன்: "இப்ப எத்தன பேரு பாத்தாக?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒருத்தரும் இல்ல" என்றார்.

அந்தப் பதில் வந்ததும் என் கூச்சம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு தாள் கையில் கிடைத்தால் பேனாவைப் பிடித்தவர் யார் என்று கேளுங்கள், அவருக்கு அதில் என்ன தேவை என்று கேளுங்கள், பத்துப் பேர் ஒன்றையே சொன்னால் பத்துப் பேரும் எந்த வாசலில் நின்றார்கள் என்று கேளுங்கள் என்றேன். என் தவற்றையே ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டினேன். கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன.

ஒருவர் எழுந்து, "இதெல்லாம் மனுவுக்குச் சரி. அச்சடிச்ச புஸ்தகத்துல இருந்தா நம்பலாம்ல?" என்றார்.

"அச்சடிச்சவருக்கும் எங்கயாவது ஒரு வேப்பமரம் இருக்கும் தம்பி" என்றேன்.

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. தமிழ் அதிகம் தெரியாத புரொபசர் என்னவென்று கேட்டு, வக்கீல் மகன் இங்கிலீஷில் சொன்னதும், தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த கோடை முதல் வருஷந்தோறும் நாலைந்து மாணவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து என்னோடு ஒரு வாரம் நடக்க வேண்டும் என்று அங்கேயே ஏற்பாடாயிற்று. முதலில் வந்த அந்த இருவருக்கும் பிரைஸ் கிடைத்தது.

ஆடியில் உத்தரவு வந்தது. அதை வாங்கிப் படிக்க வக்கீல் மகன் மதுரையிலிருந்து வந்திருந்தார், ராஜபாளையத்துக்காரரும் கூட வந்தார். செண்பகத்தோப்புக் காவல் சாவடி முன் நின்று வக்கீல் மகன் தமிழில் சொன்னார்: தீ வைத்தவர் யார் என்று தெரியவில்லை. ஆகவே மாட்டுப் பாதை முன்போலத் திறந்திருக்கும்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. காட்டு இலாகாக் கார்டு குறுக்குக் கம்பை உயர்த்தினார். மூன்று மாதம் கட்டிக் கிடந்த மாடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, புழுதியும் மணியுமாக எங்களைத் தாண்டி ஓடின. மலையில் சாரல் விழுந்து புல் பச்சை பிடித்திருந்தது.

"தள்ளி நில்லுங்க ராவுத்தரே, மிதிச்சிரும்" என்று மாட்டுக்காரர் கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார். விசாரணைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மிதிச்சா மிதிக்கட்டும்" என்று நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்கே தெரியாது. மாணவர்கள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வழியை விட்டு நகராமல் அங்கேயே நின்றேன். மாடுகள் எனக்கு இரு பக்கமும் பிரிந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தன.